ஆங்கில வினையும் தமிழ் வேற்றுமையும்

சேலம் மாநகரில், சேர்வராயன் மலை வடபால் நீலமாய்த் தோன்றும் ஒரு பக்கத்தில், ஃபேர்லேண்ட்ஸ் என்னும் பகுதி உளது. எம் இல்லம் ஆங்கேயே. பெயர் ஆங்கிலம், அதிலும் பன்மைப்பெயர். எனினும் அங்கு வாழ்வோர் அப்பெயரை ஆங்கில இலக்கணத்தின் காவலில் விட்டுவைப்பதில்லை. ‘ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறோம்’ என்பர். ‘ஃபேர்லேண்ட்ஸுக்குப் போகிறோம்’ என்பர். ‘ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வருகிறோம்’ என்பர். நம் உருபுகள் அயற்சொல்லின் இறுதியில் யாதோர் இடர்ப்பாடும் இன்றி ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலேயனோ இம்மூவிடத்தும் பெயருக்கு முன்னே ‘இன்’, ‘டு’, ‘ஃப்ரம்’ என்னும் சிறுசொற்களை நிறுத்துகிறான். அவன் முன்னே நிறுத்துவதை நாம் பின்னே ஒட்டுகிறோம் என்ற அளவில் வேறுபாடு முடிந்துவிடுமாயின் ஆங்கிலம் பயில்வது எளிதே. அவ்வளவில் முடிவதில்லை என்பதைச் சென்ற விடுமுறையில் ஒரு சிறுவன் எமக்குக் காட்டினான்.

அவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் வேலை செய்பவரின் மகன். மாலைதோறும் ஆங்கிலம் கேட்க எம் இல்லத்துக்கு வருவான். ஒருநாள் தன் தேர்வுத்தாளைக் கொணர்ந்தான். ‘நூல் கீழே கிடந்தது, அதை எடுத்து அவனிடம் கொடுத்தேன்’ என்னும் கருத்தை அவன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். ‘ஐ பிக்ட் அப் இட்’ என்ற தொடர் செம்மையால் அடிக்கப்பட்டிருந்தது, காரணம் எழுதப்படவில்லை.

“அண்ணா, ‘பிக் அப் தி புக்’ என்பது சரி என்று அதே தாளில் மேலே போட்டிருக்கிறது. ‘பிக் அப் இட்’ மட்டும் ஏன் தவறு?” என்று வினவினான்.

“ஆங்கிலத்தில் அது அப்படித்தான், தம்பி” என்றோம்.

“பள்ளியிலும் அதைத்தான் சொன்னார்கள்” என்று கூறித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சிறிது நேரம் கழித்து, “இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வராது, அண்ணா. அடுத்த வாரம் முதல் நான் பட்டறைக்கே போகலாம் என்றிருக்கிறேன்” என்றான்.

எமக்கு நாணம் உண்டாயிற்று. வேற்றுமையியலையும் வேற்றுமை மயங்கியலையும் உரையோடு பயில்பவர் யாம். ஒரு வினை ஒரு பெயரை எவ்வாறு தழுவும் என்பதே அவ்வியல்களின் பொருள். அவன் கேட்டதும் அதுவே. ‘அப்படித்தான்’ என்பது விடையாகாது. அவனை ஒரு வாரம் பொறுக்குமாறு வேண்டிக்கொண்டு ஆராயப் புகுந்தோம். அவ்வாராய்ச்சியிற் கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் அவன் தொடரையே எடுத்துக்கொள்வோம். ‘பிக் அப்’ என்பதில் ‘பிக்’ வினை. ‘அப்’ அவ்வினையின் பொருளை நிரப்பும் சிறுசொல். இச்சிறுசொல்லைத் தமிழில் யாதென வழங்குவது என்பதே ஒரு சிக்கல். புதுச்சொல் ஆக்குவதில் சேலத்துக்குப் பழைய உரிமை ஒன்று உண்டு. இராஜாஜி இங்கு வழக்கறிஞராய் இருந்த காலத்து, 1916-ஆம் ஆண்டில், அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கெனவே ஒரு சங்கம் கண்டார். அவ்வுரிமை பற்றி யாமும் ஒரு பெயர் படைக்கலாம். எனினும் தனித்து நின்று பொருள் தராது பெயரையும் வினையையும் சார்ந்து வருவதை ‘இடைச்சொல்’ என நம் முன்னோர் வழங்கினமையின் அதுவே போதும் என விடுத்தோம்.

இனி, ‘லுக் அட்’ என்னும் தொடரை அதனருகில் வைத்துக் காண்க. இரண்டும் ஒரே அமைப்புடையனபோலத் தோன்றும். வினை ஒன்று, அதன்பின் இடைச்சொல் ஒன்று. ஆயினும் ‘லுக் அட்’ என்பதில் உள்ள ‘அட்’ வினைக்கு உரியதன்று. பின்வரும் பெயருக்கு உரியது. நம் உருபு பெயரின் பின் ஒட்டிக்கொள்வதுபோல அது பெயரின் முன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை விட்டு அகலாது. ‘பிக் அப்’ என்பதில் உள்ள ‘அப்’போ வினைக்கு உரியது, பெயரோடு அதற்கு உறவில்லை. பெயர் நடுவே புகுந்தாலும் அது கவலைப்படுவதில்லை. ஆகவே ‘பிக் அப் தி புக்’ என்றும் ‘பிக் தி புக் அப்’ என்றும் இருவகையாலும் கூறலாம். ‘லுக் தி புக் அட்’ என்று ஒருபோதும் கூறலாகாது.

ஒரே எழுத்தொலியுடைய சொல் ஓரிடத்தில் பெயரையும் மற்றோரிடத்தில் வினையையும் சார்ந்து நிற்றலும் உண்டு. ‘ரன் அப் தி ஹில்’ என்றால் குன்றின்மீது ஓடி ஏறுதல். ‘ரன் அப் தி பில்’ என்றால் கடைக் கணக்கை ஏற்றிக்கொண்டே போதல். ஓசையில் ஓரெழுத்தே வேறு. அமைப்பில் இரண்டும் வேறு வேறு சாதி. எவ்வாறு பிரித்தறிவது? பெயரை நீக்கிச் சுட்டுப்பெயரை இட்டுப் பார்த்தால் போதும். குன்றாயின் ‘ரன் அப் இட்’. கணக்காயின் ‘ரன் இட் அப்’. பொன்னின் மாற்றை உரைகல் காட்டுதல்போல இடைச்சொல்லின் சார்பை ‘இட்’ என்னும் சிறுசொல் காட்டிவிடுகிறது. சிறுவன் இடர்ப்பட்ட இடமே அவனுக்கு உதவும் கருவியும் ஆயிற்று.

‘தி புக்’ என்பது இருபுறமும் நிற்கலாம் எனின், ‘இட்’ மட்டும் நடுவிலேயே நிற்கவேண்டும் என்ற கட்டாயம் யாது? வினா இதுவே. விடை எடையைப் பற்றியது. ஆங்கில வாக்கியத்தின் இறுதி, கனமான சொல்லுக்கும் புதிய செய்திக்கும் உரிய இருக்கை. ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ என்பனவோ முன்னரே கூறப்பட்டதைச் சுட்டும் மெல்லிய சொற்கள். புதுச்செய்தி யாதும் அவற்றினிடத்து இல்லை. ஒலியிலும் தாழ்ந்து ஒலிப்பன. அவை வினையின் தோளில் சாய்ந்துகொள்ள, ‘அப்’ இறுதியில் நின்று ஓங்கி ஒலிக்கும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் செவியே தெளிவிக்கும்: ‘பிக் இட் அப்’ என்பதில் ‘அப்’ ஓங்கும், ‘லுக் அட் இட்’ என்பதில் ‘அட்’ தாழும். இதற்கு மறுதலையும் உண்டு. ‘உன் தமையன் நேற்று மேசைமேல் விட்டுப்போன நூல்’ என்னும் நெடுந்தொடரை வினைக்கும் ‘அப்’புக்கும் இடையே திணித்தால் ஆங்கிலேயன் செவி பொறாது, அந்நெடுந்தொடர் இறுதிக்கே போதல் வேண்டும். சுட்டுப்பெயரையே ஓங்கி ஒலித்து, ‘இவளையன்று, அவனை’ என வேற்றுமை காட்டுமிடத்து இவ்விதி சிறிது நெகிழ்தலும் உண்டு. ‘புட் அப் வித்’ என வினையோடு இரண்டு இடைச்சொற்கள் சேர்ந்து வருமாயின் பின்னது பெயருக்கு உரியதாதலின் ‘இட்’ ஈற்றிலேயே நிற்கும். இவை சிறுபான்மை.

தமிழன் இதில் இடறுவது ஏன்? நம் மொழியில் வினை இறுதியில் நிற்பது. பெயர்கள் எல்லாம் தத்தம் உருபுகளை அணிந்துகொண்டு வினைக்கு முன்னே வந்து அமர்கின்றன. வினைக்குப் பின்னே இடமே இல்லை. ஆகவே ‘அதை’ என்பதனை அங்கே எந்த இருக்கையில் அமர்த்துவது என்னும் வழக்கும் எழுவதில்லை. அன்றியும் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற இடைச்சொற்கள் செய்யும் வேலையை நம் மொழியில் பெரும்பாலும் துணைவினைகளே செய்கின்றன. முற்றும் உண்டு தீர்த்தலை ஆங்கிலேயன் ‘ஈட் அப்’ என்பான். நாம் ‘தின்றுவிடு’ என்போம். வெளியே எறிதலை அவன் ‘த்ரோ அவே’ என்பான். நாம் ‘எறிந்துவிடு’ என்போம். கையில் எடுத்துத் தனக்காக்கிக்கொள்ளுதலை ‘எடுத்துக்கொள்’ என்போம். ‘விடு’வும் ‘கொள்’ளும் வினையோடு ஒன்றிப்போனமையின் அவற்றின் நடுவே ‘அதை’ நுழையாது. இவ்வொற்றுமைப்பாடு நம் நாவிற் பதிந்துபோனமையாலேயே ‘பிக் அப்’ என்பதையும் பிளக்கக்கூடாத ஒரே சொல்லெனக் கொண்டு ‘இட்’ என்பதை அதற்கு வெளியே நிறுத்துகிறோம். சிறுவன் செய்தது மடமையன்று. தன் மொழியின் முறையைப் பிறிதொரு மொழியிலும் நேர்மையாகக் கைக்கொண்டான்.

அதே தாளில் வேறொரு பிழையும் இருந்தது. அடுத்த தொடரில் ‘கேவ் டு ஹிம்’ என்று மட்டும் எழுதியிருந்தான். கொடுத்தது எது என்பதைச் சுட்டும் ‘இட்’ விடுபட்டிருந்தது. தமிழில் ‘நூலை எடுத்து அவனிடம் கொடுத்தேன்’ என்றால் ‘அதை’ என மீட்டும் கூறவேண்டியதில்லை, கூறினால் மிகையாகும். செயப்படுபொருள் ஒருமுறை தோன்றினால் அதுவே அடுத்த வினைக்கும் சென்று இயையும். ஆங்கிலத்தில் அவ்வாறு விட்டால் வீட்டின் ஒரு தூணை உருவியதுபோல ஆகும். ‘சொன்னேன்’ என்னும் ஒரு சொல்லில் எழுவாயும் அடங்கிக்கிடத்தலும் இதனோடு ஒத்ததே. அஃது எல்லாரும் அறிந்ததாதலின் விரிக்கவில்லை.

இனி, உருபு ஒளிந்திருக்கும் இடத்துக்கு வருவோம். எமக்கு மிக்க வியப்பை விளைத்தது இதுவே. ‘நீர் குடித்தான்’, ‘நூல் எடுத்தான்’ என்று கூறினால் ‘ஐ’ உருபு மறைந்து நிற்கிறது, இரண்டாம் வேற்றுமைத்தொகை என்போம், பொருள் குழம்புவதில்லை. ‘அவன் பார்த்தான்’ என்று கூறினாலோ அவனைப் பார்த்தான் என்னும் பொருள் ஒருகாலும் வாராது. பார்த்தவன் அவனே ஆகிவிடுவான். ‘அது எடுத்தான்’ என்பதும் வழங்காது. ஆக, அஃறிணைப் பெயர் தன் உருபை ஒளித்துக்கொள்ளலாம். ‘அவன்’, ‘அவள்’, ‘நான்’, ‘நீ’ முதலியன ஒளித்துக்கொள்ளலாகாது. ஆங்கிலத்தை நோக்குக. அங்கே ‘புக்’ என்பது எழுவாயாயினும் செயப்படுபொருளாயினும் ‘புக்’ என்றே நிற்கும். பெயர்கள் எல்லாம் இவ்வுருபை என்றோ இழந்துவிட்டன. ஆனால் ‘ஹி’ என்பது ‘ஹிம்’ ஆகிறது. ‘ஐ’ என்பது ‘மீ’ ஆகிறது. இரு மொழியிலும் வேற்றுமையின் அடையாளத்தை இறுதிவரை பற்றிக்கொண்டு நிற்பன இம்மூவிடப் பெயர்களே. குடும்பத்தால் வேறுபட்ட இரு மொழிகள் இவ்வொன்றில் ஒத்தமைவது நினைக்கத்தக்கது.

‘ஹிம்’ என்பதன் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பு மிகும். பழைய ஆங்கிலத்தில் ‘அவனை’ என்பதற்கு ‘ஹினெ’ என்றும் ‘அவனுக்கு’ என்பதற்கு ‘ஹிம்’ என்றும் இருவேறு சொற்கள் இருந்தன. காலப்போக்கில் ‘ஹினெ’ வழக்கொழிய, ‘ஹிம்’ என்பதே இரண்டுக்கும் ஆயிற்று. ஆதலின் இன்றைய ‘ஹிம்’ பிறப்பால் நான்காம் வேற்றுமை. நம் மாணவர் ‘ஐ டோல்டு டு ஹிம்’ என்று எழுதித் திருத்தப்படுவதை எத்துணையோ முறை கண்டிருக்கின்றோம். ‘அவனுக்குச் சொன்னேன்’ என்பதில் உள்ள ‘கு’வுக்கு ஒரு சொல் வேண்டுமே என்னும் ஏக்கத்தால் ‘டு’ இடுகின்றனர். அந்தக் ‘கு’ பண்டே ‘ஹிம்’ என்பதனுள் புகுந்து உறங்குகிறது என்று கூறினால் மறவார்.

ஆயினும் ‘டெல்’ என்பதற்கு வேண்டாத ‘டு’ அதனோடு ஒத்த பொருளுடைய ‘சே’ என்பதற்கு வேண்டும். ‘கிவ்’, ‘ஷோ’, ‘ஸெண்ட்’, ‘டெல்’ போன்ற பழைய குறுவினைகள் கொள்வோன்பெயரை நேரே அணைத்துக்கொள்ளும். ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘டிஸ்க்ரைப்’ என இலத்தீன் வழியே வந்த நெடுவினைகள் பெரும்பாலும் ‘டு’ என்னும் தூதுவன் இன்றி அவனை அணுகவிடா. ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்பது பிழையாதலும் இதனாலேயே. இங்கே விதியினும் பழக்கமே வலிது. ‘சே’ குறுவினையாயிருந்தும் ‘டு’ வேண்டுதலைக் காண்க.

நம் மொழியும் இவ்வகையில் எளியதன்று. ‘அவனுக்குச் சொன்னான்’, ‘அவனிடம் சொன்னான்’, ‘அவனைச் சொன்னான்’ என்னும் மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குக. முதலது செய்தி சென்று சேர்ந்த இடத்தையும், இரண்டாவது கேட்டவனையும், மூன்றாவது குறைகூறப்பட்டவனையும் உணர்த்தும். வினை ஒன்றே, உருபு மாறப் பொருள் மாறுகிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் தம் தமிழ் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதி 1716-இல் ஹாலே நகரில் அச்சிட்டபொழுதும், வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியபொழுதும், அவற்றைக் கையிலேந்தித் தமிழ் பயின்ற அயல்நாட்டார் இவ்விடத்து எவ்வளவு திணறியிருப்பர் என எண்ணிப் பார்க்கின்றோம். நம் சிறுவன் ஏறும் ஏணியில் அவர்கள் இறங்கினர்.

வினை எவ்வுருபை ஏற்கும் என்பதனைத் தொல்காப்பியர் கூர்ந்து நோக்கியவர். அச்சப்பொருளுடைய வினை இரண்டாம் வேற்றுமையையும் ஐந்தாம் வேற்றுமையையும் ஏற்கும் என்பது அவர் விதி. ‘கரடியை அஞ்சினான்’ என்றும் ‘கரடியின் அஞ்சினான்’ என்றும் வரும். ஆங்கிலத்திலும் அச்சம் இருவழிப்படுகிறது: ‘ஃபியர்’ என்னும் வினை நேரே பொருளைத் தழுவ, ‘அஃப்ரெய்டு’ என்பது ‘ஆஃவ்’ என்னும் இடைச்சொல்லை வேண்டுகிறது. சார்தல் என்னும் வினையிலும் அவர் ஒரு நுட்பம் கண்டார். உடலாற் சார்தலாயின் ‘சுவரைச் சார்ந்தான்’ என ‘ஐ’யே வரும், உள்ளத்தால் சார்தலாயின் ‘தலைவனைச் சார்ந்தான்’ என்பதோடு ‘தலைவன்கண் சார்ந்தான்’ எனவும் வரலாம். உடலின் செயலையும் உள்ளத்தின் செயலையும் உருபினால் வேறுபடுத்த முயலும் இந்நுட்பத்தைப் படித்தபொழுது, ‘பிலீவ் ஹிம்’, ‘பிலீவ் இன் ஹிம்’ என்னும் இரண்டு எம் நினைவுக்கு வந்தன. முன்னது அவன் கூறியதை மெய்யெனக் கொள்ளுதல். பின்னது அவனையே பற்றுக்கோடாகக் கொள்ளுதல். தமிழில் ‘நம்பு’ என்பது இரண்டிடத்தும் ‘ஐ’யே ஏற்கும், ‘அவன் சொல்லை நம்பினேன்’, ‘அவனை நம்பினேன்’ எனப் பெயரை மாற்றியே வேறுபாடு காட்டுகிறோம். யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கு வைத்துப் படிப்பவர், ஆங்கிலத்தில் ‘இன்’ நிற்குமிடத்துத் தமிழில் ‘ஐ’ நிற்றலைக் காணலாம். ‘இல்’ என இட்டிருந்தால் நேரொத்திருக்கும் எனச் சிலர் கருதக்கூடும். எமக்கு ‘ஐ’யே தமிழாகப் படுகிறது.

கொடையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஆங்கிலத்தில் ‘கிவ் மீ’, ‘கிவ் ஹிம்’ என இடம் எதுவாயினும் வினை ஒன்றே. தொல்காப்பியரோ ‘தா’ என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, ‘கொடு’ என்பது படர்க்கைக்கு உரியது என வரையறுத்தார். ‘எனக்குத் தந்தான்’, ‘அவனுக்குக் கொடுத்தான்’ என்க. கேட்பவன் தாழ்ந்தவனாயின் ‘ஈ’, ஒத்தவனாயின் ‘தா’, உயர்ந்தவனாயின் ‘கொடு’ எனவும் வேறோரிடத்துக் கூறினார். ‘மீ’, ‘ஹிம்’ என்னும் பெயர்கள் ஆங்கிலத்தில் தாங்கும் சுமையில் ஒரு பகுதியைத் தமிழில் வினையே தாங்குகிறது. இக்காலப் பேச்சில் அவ்வரையறை பெரிதும் தளர்ந்துவிட்டது.

நாட்டு வழக்கில் நிலைத்துவிட்ட ஒரு தொடரையும் இவ்விடத்தே நோக்கலாம். ஐந்து ரோட்டில் நகரப் பேருந்தினின்று இறங்குவோர் ஆங்கிலத்திற் பேசநேர்ந்தால் ‘கெட் டவுன்’ என்பர். ‘இறங்கு’ என்னும் தமிழ்ச்சொல்லில் கீழ்நோக்கிய இயக்கம் அடங்கியிருத்தலின் ‘டவுன்’ இன்றியமையாதது எனத் தோன்றுகிறது. ஆங்கிலேயன் ‘கெட் ஆஃப்’ என்பான். அவன் கருத்தில் இறக்கம் இல்லை, விட்டகலுதலே உண்டு. நம் உரைகல்லை இங்கும் இட்டுப் பார்க்கலாம். பேருந்தாயின் ‘கெட் ஆஃப் இட்’; இறுகிய மூடியைக் கழற்றுவதாயின் ‘கெட் இட் ஆஃப்’.

ஒரு வாரம் கழிந்தபின் சிறுவன் வந்தான். வருவானோ என ஐயுற்றிருந்தோம். குன்றும் கடைக்கணக்கும் அவனுக்குப் பிடித்துப்போயின. தன் பாடநூலில் உள்ள தொடர்களுக்கெல்லாம் ‘இட்’ இட்டுச் சோதிக்கத் தொடங்கினான். இடையே தலைநிமிர்ந்து, “அண்ணா, ‘ஐ லைக் ஹிம்’ என்பதில் ‘ஐ’ எழுவாய். நாம் ‘எனக்கு அவனைப் பிடிக்கும்’ என்கிறோமே. இதில் எழுவாய் எங்கே?” என்றான்.

யாம் கற்பித்ததன்று அவ்வினா. பழைய ஆங்கிலத்தில் ‘லைக்’ என்பதன் முன்னோனாகிய வினை ‘எனக்குப் பிடிக்கிறது’ என்னும் அமைப்பிலேயே வழங்கியது என்றும், விரும்பியவன் நான்காம் வேற்றுமையில் நின்றான் என்றும், பின்னரே அவன் எழுவாயின் இருக்கைக்கு ஏறினான் என்றும் கூறினோம். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் ‘மீதிங்ஸ்’ என்னும் சொல்லையும் காட்டினோம். அதில் ‘மீ’ என்பது ‘எனக்கு’. ‘திங்ஸ்’ என்பது எண்ணுதலைக் குறிக்கும் வினையன்று, தோன்றுதலைக் குறித்த மற்றொரு பழைய வினை. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்னும் நம் தொடரின் எழுத்துக்கு எழுத்தான இணை அது.

“அப்படியானால் அவர்களும் ஒரு காலத்தில் ‘எனக்கு’ என்றுதான் தொடங்கியிருக்கிறார்கள்” என்றான். பின் தாளை எடுத்து எழுத அமர்ந்தான். அன்று அவன் எழுதிய பத்துத் தொடர்களில் ‘இட்’ எல்லாம் தத்தம் இடத்திலேயே நின்றன. இரண்டில் மட்டும் அதை எழுதவே மறந்திருந்தான்.